யாரும் குடிக்காத குடுவை

எங்கள் கடையில் வந்து உட்கார்ந்தால் முதலில் தண்ணீர்தான் வரும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதற்கு முன்பே, நீங்கள் நெற்றி வியர்வையைத் துடைப்பதற்கு முன்பே, பெரிய கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர். பாதி குடித்துக் கீழே வைத்தால் போதும், என் மாமியார் ஹிசாயோ பாய்ந்து வந்து மறுபடி நிரப்பிவிடுவார். கல்லில் மாவு கருகினாலும் பரவாயில்லை, டம்ளர் குறையக் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது பெரிய எரிச்சல். நான் முட்டைக்கோஸைக் குவித்து, நூடுல்ஸைப் பரப்பி, மேலே முட்டையை உடைத்து ஊற்றித் திருப்பிப்போடப் போகும் நேரம் பார்த்துக் குறுக்கே கை நீட்டித் தண்ணீர் ஊற்றுவார். ஒகோனோமியாகி என்கிற இந்த அடையைத் திருப்புவது ஒரே மூச்சில் நடக்க வேண்டிய வேலை. எத்தனை தடவை என் கல்லில் அது பிய்ந்துபோயிருக்கிறது!

டிராம் ஓட்டுகிற சுமிதா எங்களுடைய மதிய வாடிக்கை. அவர் புலம்பாத நாள் இல்லை.

"மிசாவோ, உங்க மாமியார் குடுக்கிற தண்ணியிலயே வயிறு ரொம்பிடுது. அப்புறம் எங்க சாப்பிடறது? போன வாரம் வண்டியப் பாதி வழியில நிறுத்திட்டு ஓட வேண்டியதாப் போச்சு."

"ஓடுங்களேன், நல்லதுதானே. அந்தத் தொந்தியாவது குறையும்" என்பார் அத்தை, பேசிக்கொண்டே அவர் டம்ளரை நிரப்பியபடி.

இப்படி வாய் நிறையப் பேசுகிற மனுஷிக்கு ஒரு விஷயத்தில் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும். எங்கள் கடை ஆற்றுக்கு இக்கரையில். பாலத்தைத் தாண்டினால் அமைதிப் பூங்கா. அதன் நடுவே அருங்காட்சியகம். பூங்காவுக்குள்ளே நடந்து போனால் ஐந்து நிமிஷத்தில் போகிற இடத்துக்கு அத்தை டிராம் ஏறி ஊரைச் சுற்றிக்கொண்டு போவார். ஏன் என்று கேட்டால், "எனக்கு அங்க என்ன வேலை?" என்பார். ஆகஸ்ட் ஆறாம் தேதி கடையைத் திறக்க மாட்டார். மாடியில் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். காலையில் மணி அடித்து ஊரே அசையாமல் நிற்கும்போது அவரும் தலை குனிவார், ஆனால் சுவரைப் பார்த்து.

நான் இதைத் துருவவில்லை. அணுகுண்டு விழுந்த நாளைப் பற்றிப் பேசாத ஆள் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. கேட்காமல் இருப்பதுதான் இங்கே மரியாதை. ஒரே ஒரு தடவை என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சண்டையில் முடிந்தது. அத்தை அப்போது பன்னிரண்டு வயதுப் பெண், ஆற்றின் மேல்பக்கம் காபே என்கிற ஊரில் இருந்தார். அடிபட்டவர்களை லாரியிலும் ரயிலிலும் அங்கேதான் கொண்டுபோனார்கள். அவர்களுக்குப் பணிவிடை செய்தவர்களுக்கும் அரசாங்கம் மருத்துவ அட்டை கொடுக்கிறது. மூட்டுவலியும் இரத்தசோகையுமாக அவதிப்படுகிறீர்களே, வாங்கிக்கொள்ளுங்கள் என்று மகன் சொன்னார். "எங்க இருந்தே, என்ன செஞ்சேன்னு கேப்பாங்க. நான் சொல்ல மாட்டேன். செத்தாலும் அந்த அட்டை வேண்டாம்" என்று அத்தை கரண்டியைக் கல்லில் ஓங்கி அடித்தார். அதோடு விட்டோம்.

இந்தப் பெண்மணியைப் பற்றி நான் குறையாகவே சொல்லிக்கொண்டு போகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்குக்கு மேல் வரும், அவ்வளவுதான். எனக்கு முதல் குழந்தை வயிற்றிலேயே போனபோது அக்கம்பக்கத்தில் என்னவெல்லாமோ முணுமுணுத்தார்கள். எந்த வீட்டு இரத்தம், எவருடைய உடம்பில் குண்டின் விஷம் இருந்தது என்று எங்கள் ஊரில் முணுமுணுக்கத் தெரியாதவர்களே கிடையாது. அத்தை கடை வாசலில் நின்று, "என் மருமக உடம்பைப் பத்திப் பேசறவங்க என் கடையில சாப்பிட வேண்டாம், வேற கடை பாருங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். நான் படுத்துக்கிடந்த நாளெல்லாம் கஞ்சி காய்ச்சி ஊட்டினார். என் அம்மா அப்படிச் செய்திருப்பாளா என்பது சந்தேகம். அந்த நன்றி எனக்கு எலும்பு வரைக்கும் உண்டு. அதனால்தான் இதைச் சொல்லவே உட்கார்ந்தேன்.

போன செப்டம்பரில் மட்ஸுவேயிலிருந்து என் அக்கா கசூயோ வந்தாள். உள்ளூர்க்காரர்கள் அருங்காட்சியகத்துக்கு இரண்டு சமயம் போவார்கள்: பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு தடவை, வெளியூர்ச் சொந்தம் வந்தால் ஒரு தடவை. அவளை அழைத்துக்கொண்டு போனேன். எதையும் வேகமாகப் பார்க்கிற ஆள் இல்லை கசூயோ. ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டி முன்னாலும் நின்று, பக்கத்தில் எழுதியிருப்பதை ஒரு எழுத்து விடாமல் உதடு அசைத்துப் படிப்பாள். கருகிய சோற்றுப் பெட்டி, பாதி எரிந்த சட்டை, உருகி ஒட்டிப்போன கண்ணாடிக் குப்பிகள்.  வெளியே போய் நிற்கலாம் என்று திரும்பியபோது அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இங்க பாருடி, இதுல ஒண்ணுமே ஆகல."

அது ஓர் அலுமினியத் தண்ணீர்க்குடுவை. தோளில் மாட்டும் பட்டை, திருகு மூடி. ஒரு கீறல் இல்லை, நெளிசல் இல்லை. தீயில் சிக்காத பொருள் இங்கே எதற்கு என்று எனக்கும் தோன்றியது. பக்கத்தில் எழுதியிருந்ததைக் கசூயோ வாய்விட்டே படித்தாள். குண்டுவீச்சில் தீ பரவாமலிருக்க வீடுகளை இடிக்கும் போர்க்கால வேலைக்குப் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட மகளைத் தேடித் தாய் பல நாள் நகரமெங்கும் அலைந்தபோது சுமந்த குடுவை. கண்டுபிடித்ததும் மகள் குடிக்கட்டும் என்று தினமும் புதுத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போனார். மகள் கிடைக்கவில்லை. அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கவில்லை.

கசூயோ அழ ஆரம்பித்துவிட்டாள். நானும்தான்.

அவளை ரயில் ஏற்றிவிட்டுக் கடைக்கு வந்தேன். மதியக் கூட்டம் முடிந்து, வாசல் துணித்திரையை உள்ளே எடுத்து வைத்திருந்த நேரம். அத்தை கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டே, என் வழக்கப்படி, பார்த்ததையெல்லாம் கொட்டினேன். அவர் கேட்கிறாரா இல்லையா என்று நான் எப்போதும் பார்ப்பதில்லை.

"ஒரு குடுவை அத்தை. பொண்ணுக்குன்னு அந்தத் தாய் தினம் தண்ணி ரொப்பித் தூக்கிட்டுப் போயிருக்கா. பொண்ணு கிடைக்கவே இல்ல. அந்தப் பொண்ணும் அன்னைக்கு யார்கிட்டயாவது தண்ணி தண்ணின்னு கேட்டிருக்கும், பாவம்."

கரண்டிச் சத்தம் நின்றது.

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"வக்காபா பெண்கள் பள்ளின்னு போட்டிருந்துச்சு. முதல் வருஷம். பேரு... பாருங்க, நாக்கு நுனியில நிக்குது, வரமாட்டேங்குது."

"நோபுயே" என்றார் அத்தை.

"அதேதான்! குராமோத்தோ நோபுயே. உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் அந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டீங்களே!"

அத்தை கேஸை அணைத்தார். கரண்டியைத் துடைத்து மாட்டினார். வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தார். அந்தக் கடையில் அவர் அப்படி உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"காபேயில கோயில் மண்டபத்துல பாய் போட்டுப் படுக்க வெச்சிருந்தாங்க. இடமே இல்ல. எங்களை மாதிரிச் சின்னப் பொண்ணுங்களுக்கு ஈ ஓட்டற வேலை. தண்ணி மட்டும் குடுக்காதீங்க, குடுத்தா செத்துருவாங்கன்னு ராணுவக்காரர் ஒருத்தர் வந்து எல்லாருக்கும் சொல்லிட்டுப் போனார். படுத்திருந்தவங்க எல்லாரும் கேட்டதோ தண்ணி மட்டும்தான். நாங்க காது கேக்காத மாதிரி விசிறிக்கிட்டே இருந்தோம்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"என் பக்கத்துல ஒரு பொண்ணு. உடம்புல துணி இல்ல. முகம் வீங்கிக் கண்ணு மூடிப்போச்சு. குரலை வெச்சுத்தான் பொண்ணுன்னு தெரிஞ்சுது. உனக்கு என்ன வயசுன்னு கேட்டா. பன்னெண்டுன்னேன். எனக்கும்தான்னா. பேரு சொன்னா, பள்ளிக்கூடம் சொன்னா. அம்மாவைப் பாத்தா நான் இங்க இருக்கேன்னு சொல்லிடுன்னா. அப்புறம் தண்ணி கேட்டா. குடிச்சா செத்துருவேடின்னு சொன்னேன். பரவால்ல, குடுன்னா."

"குடுத்தீங்களா?"

"அடுப்படியிலேருந்து கெண்டிய எடுத்துட்டு வந்து அதோட மூக்கை அவ வாயில வெச்சேன். குடிச்சா. ருசியா இருக்குன்னா. கெண்டிய வெச்சுட்டு வர்றதுக்குள்ள போயிட்டா, மிசாவோ."

வெளியே டிராம் போய்க் கடை அதிர்ந்து அடங்கியது.

"மாதர் சங்கத்து அம்மா ஒருத்தங்க பாய் ஈரமா இருக்கறதைப் பாத்துட்டாங்க. யாரு குடுத்தது, குடுத்தவதான் இந்தப் பொண்ணைக் கொன்னவன்னு கத்தினாங்க. நான் வாய் திறக்கல. கொஞ்ச நேரத்துல பேரு எழுதிக்கிட்டு ஒருத்தர் வந்தார். இந்தப் பொண்ணு பேரு யாருக்காவது தெரியுமான்னார். தெரியாதுன்னு சொன்னேன். பேரு சொன்னா எப்ப பேசினா, எப்படிப் பேசினான்னு கேப்பாங்கல்ல? பேரு தெரியாத மத்தவங்களோட சேத்து எரிச்சிட்டாங்க."

எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை. "நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு அத்தை! ஒரு தாயை இவ்வளவு காலம் தேட விட்டுட்டீங்களே!" என்று கத்திவிட்டேன். அத்தை என்னைப் பார்த்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில். நான் சொன்னதை அவர் தனக்குத்தானே எத்தனை ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டிருப்பார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"தண்ணி ஆளைக் கொல்லாது அத்தை. அவ்வளவு வெந்த உடம்பு எப்படியும் பிழைச்சிருக்காதுன்னு படிச்சவங்களே இப்ப சொல்றாங்க."

"படிச்சவங்க அங்க இல்ல. நான்தான் இருந்தேன்."

அந்த வாரம் முழுக்க அவர் கைப்பக்குவமே போய்விட்டது. உப்பை இரண்டு தடவை போட்டார். சாஸ் ஊற்ற மறந்தார். "இன்னைக்கு மாவைக் கடல் தண்ணியில கரைச்சீங்களா?" என்று சுமிதா கேட்டார். அன்றைக்குச் சுமிதாவே எழுந்து போய்த் தன் டம்ளரை நிரப்பிக்கொண்டார், பாவம். மறுநாள் சாப்பிட்டு முடித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அந்தத் தாய் உயிரோடு இருக்கிறாளா என்று முதலில் விசாரிக்கலாம் என்றேன் நான். என் வீட்டுக்காரர், "அம்மாவை விட்டுடு, நோண்டாதே" என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, விட்டுவிடுவது. எனக்கு அது முடியாது.

"அந்தம்மா முகத்தைப் பாத்து, உங்க பொண்ணைக் கொன்னது நான்தான்னு சொல்லச் சொல்றியா?" என்று அத்தை கேட்டார்.

"கொல்லல. ஆனா நோபுயே உங்ககிட்ட ஒரு சேதி சொல்லி அனுப்பினா. அதைச் சேக்கணும்ல?"

 கடை விடுமுறையான புதன்கிழமை காலையில் நான் கீழே இறங்கி வந்தபோது, சாவு வீட்டுக்குப் போகும்போது உடுத்துகிற கறுப்பு உடையை உடுத்திக்கொண்டு அத்தை வாசலில் நின்றுகொண்டிருந்தார். "வா, போலாம்" என்றார். பாலத்தில் ஏறியதும் என் கையைப் பிடித்தவர் அருங்காட்சியகத்துக்குள் போகும் வரை விடவில்லை. விரல் நசுங்கிவிட்டது எனக்கு. பூங்காவில் மரமெல்லாம் நன்றாக வளர்ந்து நிழலாக இருந்தது. "இவ்வளவு பச்சையா இருக்கா இங்க!" என்று அத்தை ஆச்சரியப்பட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் கருகித்தான் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

குடுவையின் முன்னால் வந்ததும் அவர் கண்ணாடியைத் தொடவில்லை. அழவும் இல்லை. எழுதியிருந்ததை முழுதும் படித்தார். பிறகு இடுப்பு வரை குனிந்தார், நிமிரவே இல்லை. பின்னால் மஞ்சள் தொப்பி போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து, இந்த அம்மா நிமிரட்டும் என்று பேசாமல் காத்திருந்தார்கள். நான்தான் கடைசியில் முதுகைத் தட்டி நிமிர்த்தினேன்.

பொருட்களைப் பராமரிக்கிற மொரிவாக்கி என்ற பெண்ணிடம் போய் விசாரித்தோம். தாய் பெயர் குராமோத்தோ ஷிகே, எபா பக்கம் குடியிருக்கிறார், நன்றாக இருக்கிறார் என்றாள். விலாசத்தைச் சட்டென்று கொடுத்துவிடவில்லை. யார், எதற்கு என்று கேட்டாள்.  "அவங்க பொண்ணைக் கடைசியாப் பாத்தவங்க இவங்க" என்று நான் சொன்னேன். மொரிவாக்கி சொன்னாள்:

"மாசா மாசம் ஆறாம் தேதி காலையில வருவாங்க. சாம்பல் மேட்டுக்குத் தண்ணி ஊத்தறதுக்கு. நீங்க வந்திருக்கறதா நான் முன்னாலயே சொல்லி வைக்கட்டுமா?"

"வேண்டாம், நானே சொல்றேன்" என்றார் அத்தை.

பூங்காவின் ஒரு மூலையில் புல் மூடிய வட்ட மேடு இருக்கிறது. யாருடையது என்று தெரியாத சாம்பலும், பெயர் தெரிந்தும் கேட்டு வர ஆள் இல்லாத சாம்பலும் அதற்குள்ளே. எங்கெங்கோ எரித்ததையெல்லாம் சேர்த்து அங்கேதான் வைத்தார்கள். பிள்ளை கிடைக்காத தாய்மார்கள் அந்த மேட்டைத்தான் பிள்ளையாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள். தண்ணீர் கேட்டுச் செத்தவர்களுக்கு இப்போதாவது தண்ணீர் ஊற்றுவது எங்கள் ஊர் வழக்கம். எந்தச் சின்னத்தின் முன்னால் பார்த்தாலும் ஒரு கிண்ணமாவது புட்டியாவது நிறைந்து நிற்கும்.

அக்டோபர் ஆறாம் தேதி நாங்கள் போனபோது ஷிகே அம்மா ஏற்கெனவே அங்கே இருந்தார். சின்ன உருவம், கூன் விழுந்த முதுகு, கூந்தலை வாரி இறுக்கமாக முடிந்திருந்தார். கையில் தண்ணீர்ப் புட்டி. ஊதுவத்தி கொளுத்திக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கும்பிட்டு முடிக்கும் வரை நாங்கள் பின்னால் நின்றோம். திரும்பி எங்களைப் பார்த்ததும் மரியாதையாகத் தலையசைத்து, நாங்களும் கும்பிட வந்தவர்கள் என்று நினைத்து வழிவிட்டு ஒதுங்கினார்.

அத்தை சரளைக்கல்லின் மேல் மண்டியிட்டுவிட்டார்.

"அம்மா, நான் காபேக்காரி. அன்னைக்கு அங்க கோயில்ல ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன். நோபுயே என் பக்கத்துலதான் படுத்திருந்தா."

ஷிகே அம்மா புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். அத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று தெரிந்தவர் மாதிரி, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் ஒப்பித்தார். வயது கேட்டது, பெயர் சொன்னது, அம்மாவிடம் சொல்லிவிடு என்றது, கெண்டி, ஈரப் பாய், பெயர் எழுத வந்தவரிடம் தெரியாது என்றது.

"தண்ணி குடுத்து உங்க பொண்ணைக் கொன்னது நான்தான். பேரையும் மறைச்சேன். என்னை என்ன வேணா செய்யுங்க."

"பேரைச் சொல்லியிருந்தா" என்றார் ஷிகே அம்மா.  "பேரைச் சொல்லியிருந்தா அவ எலும்பையாவது நான் வீட்டுக்கு எடுத்துட்டு வந்திருப்பேன். இப்படி மாசா மாசம் எந்தப் பக்கம் பாத்து ஊத்தறதுன்னு தெரியாம நின்னிருக்க மாட்டேன்."

 இழுத்துக்கொண்டு வந்து இந்த மனுஷியை நிறுத்தியது நான்தானே. அத்தை நெற்றி சரளையில் படக் குனிந்தார். தள்ளி எங்கேயோ பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"குடிச்சாளா?" என்று கேட்டார் ஷிகே அம்மா.

அத்தை தலை தூக்கினார்.

"நிஜமாவே குடிச்சாளா? தொண்டைக்குள்ள இறங்கிச்சா? இல்ல, வாய் நனைஞ்சதோட சரியா?"

"குடிச்சாம்மா. மடக்கு மடக்காக் குடிச்சா. ருசியா இருக்குன்னா. அப்புறம் போதும்னு சொன்னா."

"போதும்னு சொன்னாளா!"

"ஆமாம்மா."

"போதும்னு சொன்னாளா..." ஷிகே அம்மா அந்த ஒரு வார்த்தையை வாய்க்குள்ளேயே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவரும் மெல்ல மெல்ல, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அத்தைக்கு எதிரில் சரளையில் உட்கார்ந்தார். நான் தூக்கப் போனேன், கையை ஆட்டித் தடுத்தார்.

"அங்க உள்ள வெச்சிருக்கற குடுவையைப் பாத்தியா?"

"பாத்தேம்மா."

"அதை நான் குடுத்தப்போ பாதிக் கதைதான் சொன்னேன். மீதியை யார்கிட்டயும் சொல்லல, என் புருஷன்கிட்டகூட. நான் நோபுயேவைத் தேடிப் போன வழியெல்லாம் பிள்ளைங்க படுத்துக்கிடந்தாங்க. என் தோள்ல குடுவை தொங்குது. அதுல தண்ணி ஆடற சத்தம் அவங்களுக்குக் கேக்கும். அம்மா, அம்மா, ஒரு வாய்ன்னு என் கால் துணியைப் பிடிச்சாங்க. நோபுயே வயசுப் பொண்ணுங்க. நான் குடுக்கல. குடுத்தா செத்துருவாங்கன்னு சொல்றாங்களேன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். அது சும்மா. என் பிள்ளைக்கு இல்லாமப் போயிடுமோன்னுதான் குடுக்கல. விரலைப் பிரிச்சு விட்டுட்டுப் போனேன். மறுநாள் காலையில அந்தத் தண்ணியை மண்ணுல கொட்டிட்டுப் புதுசா ரொப்பிக்கிட்டுப் போனேன். திரும்பவும் கேட்டாங்க. திரும்பவும் குடுக்கல. தினமும் மண்ணுல கொட்டினேன், ஒரு பிள்ளை வாயில ஊத்தல."

அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யார் பிள்ளைக்கும் நான் குடுக்கலயே, என் பிள்ளைக்கு மட்டும் யார் குடுத்திருக்கப் போறாங்கன்னு அன்னைக்கிலேருந்து நினைச்சுக்கிட்டு இருக்கேன். வீட்டுல குழாயைத் திறக்கும்போதெல்லாம் நினைச்சேன். கேட்டுக் கேட்டுத் தொண்டை காஞ்சு போயிருப்பா, யாராவது ஒருத்தி என்னை மாதிரி விரலைப் பிரிச்சு விட்டிருப்பான்னு. எனக்கு வேணும் அது, எனக்கு வேணும்னு நினைச்சேன்." ஷிகே அம்மா மூச்சு வாங்கினார். "உனக்கும் குடுக்காதேன்னுதானே சொன்னாங்க? நீ சின்னப் பொண்ணு, மிரண்டு போயிருப்பே. அப்படியும் குடுத்திருக்கே. நான் யார் பிள்ளைக்கும் குடுக்கலம்மா, நீ என் பிள்ளைக்குக் குடுத்தே."

அவர் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, கூன் முதுகு இன்னும் வளைய, அத்தையைப் பார்த்துத் தலை தாழ்த்தி வணங்கினார். "நன்றிம்மா. என் பொண்ணுக்குத் தண்ணி குடுத்ததுக்கு நன்றி" என்றார். அத்தை பதறிப்போய் அவரை எழுப்பப் பார்த்து, எழுப்ப முடியாமல், அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். பன்னிரண்டு வயதில் அழ வேண்டிய அழுகை அது. நான் அழவில்லை என்று சொன்னால் பொய். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் அந்தப் புல் மேட்டைப் பார்த்துக் கையைக் கூப்பினேன்.

வெகுநேரம் கழித்து இரண்டு பேரையும் ஒவ்வொரு கையாகப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். ஷிகே அம்மா கைக்குட்டையால் முதலில் அத்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார், பிறகு தன் முகத்தை. புட்டியின் மூடியைத் திருகித் திறந்தார். மேட்டுப் பக்கம் இரண்டடி வைத்தவர் நின்று திரும்பினார்.

"இன்னைக்கு நீ ஊத்தும்மா. அவ உன் கையால குடிச்சவ."

அத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "மெதுவாக் குடி நோபுயே, அம்மா வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு ஊற்றினார். புட்டி காலியாகும் வரை ஷிகே அம்மா அவர் முழங்கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார்.